ஜெர்மனில் வேலி, டச்சில் தோட்டம், ஆங்கிலத்தில் டவுன்: மூன்றும் ஒரே சொல்லா?

டச்சுவாசி:
எல்லாருக்கும் வணக்கம். நெதர்லாந்துக்கு வந்த நாளிலிருந்து மனதில் கிடக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். ஹார்லெமில் வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருந்தபோது ஒரு விளம்பரத்தில் 'மெட் டொய்ன்' என்று போட்டிருந்தார்கள். கல்லூரியில் ஜெர்மன் படித்தவன் நான். டச்சுச் சொல் எதைப் பார்த்தாலும் அதன் ஜெர்மன் உறவைத் தேடுவது பழக்கமாகிவிட்டது. ஜெர்மனில் வேலிக்கு 'ட்ஸவுன்'. அதனால் இதை 'வேலியோடு கூடிய வீடு' என்று எடுத்துக்கொண்டேன். போனால், வீட்டுக்கார அம்மா பின்கதவைத் திறந்து ஒரு பேரிக்காய் மரத்தையும் நாலு செடிகளையும் காட்டி, இதுதான் டொய்ன் என்றார். தோட்டம்!

அன்று இரவே அகராதியைப் புரட்டினேன். டச்சு டொய்ன், ஜெர்மன் ட்ஸவுன் இரண்டும் ஒரே வேரில் வந்தவை என்றிருந்தது. அதோடு விடவில்லை, ஆங்கிலத்து 'டவுன்' என்ற சொல்லும் அதே வேர்தானாம். வேலி எப்படித் தோட்டம் ஆனது? எப்படி ஊர் ஆனது? எந்தப் பொருள் முதலில் இருந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒலிநூல்:
நல்ல சொல்லைப் பிடித்திருக்கிறீர்கள் தம்பி. முதலில் ஒலியைப் பார்த்துவிடுவோம், அது சரியாக இருந்தால்தான் பொருளைப் பேச முடியும். ஆங்கிலம், டச்சு, ஜெர்மன், நார்வே, ஐஸ்லாந்து மொழிகள் எல்லாம் சேர்ந்த குடும்பத்தை ஜெர்மானிய மொழிகள் என்பார்கள். அவற்றின் பழைய வடிவம் 'டூன்', நெடில் ஊகாரத்தோடு. ஐஸ்லாந்து, நார்வே மொழிகளில் இன்றும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. இந்த ஊகாரம் ஆங்கிலத்தில் 'அவு' என்றும், ஜெர்மனிலும் 'அவு' என்றும், டச்சில் 'ஒய்' என்றும் உடைந்தது. வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆங்கிலம் ஹவுஸ், ஜெர்மன் ஹவுஸ், டச்சு ஹொய்ஸ், ஐஸ்லாந்து ஹூஸ். எலி: மவுஸ், மவுஸ், மொய்ஸ், மூஸ். பழுப்பு நிறம்: பிரவுன், பிரவுன், பிரொய்ன், பிரூன். இந்த அச்சில் டவுன், ட்ஸவுன், டொய்ன், டூன் நான்கும் பிசகாமல் உட்காருகின்றன.

ஜெர்மனில் முதலெழுத்து மட்டும் ஏன் 'ட்ஸ' ஆனது? தெற்கு ஜெர்மன் பேச்சில் சொல் முதலில் வந்த டகரம் பெரும்பாலும் அப்படி மாறியது. ஆங்கிலத்தில் டென், டங், டூ என்றால் ஜெர்மனில் ட்ஸேன், ட்ஸுங்கெ, ட்ஸ்வை: பத்து, நாக்கு, இரண்டு. வடக்கே கடலோரத்துத் தாழ்ஜெர்மனில் இந்த மாற்றம் நடக்கவில்லை. அங்கே வேலிக்கு இன்றும் 'டூன்'தான்.

பொருளுக்கு வருவோம். 600ஆம் ஆண்டை ஒட்டி இங்கிலாந்தின் கென்ட் நாட்டை ஆண்ட எத்தல்பர்ட் அரசனின் சட்டங்கள் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டவை. அதில் ஒரு விதி: ஒருவனுடைய டூனுக்குள் அத்துமீறி முதலில் நுழைபவன் 6 ஷில்லிங் கட்ட வேண்டும், அவன் பின்னால் நுழைபவன் 3, அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொருவனும் 1. 'ஒருவனுடைய' என்பதைக் கவனியுங்கள். டவுன் என்பது அன்றைக்குத் தனி ஆளின் சொத்து. நாலுபக்கமும் அடைத்த அவன் வீட்டு மனை.

கொங்குக்காரி:
ஐயா, இது ரொம்பப் புதிதாக இருக்கிறது. அப்படியானால் இங்கிலாந்து ஊர்ப்பெயர்களில் '-டன்' என்று முடிகிறதே, அதெல்லாம் பெரிய ஊர் என்ற பொருளில் வைத்தது இல்லையா?

ஒலிநூல்:
இல்லை அம்மா. வைத்தபோது பலவும் ஒரு பண்ணை, மிஞ்சிப்போனால் ஒரு சிற்றூர். பிரைட்டன் நகரத்தின் பழைய பெயரைப் பிரித்தால் பேயோர்ட்ஹெல்ம் என்பவனுடைய டூன். 1086இல் எடுத்த நிலக்கணக்கில் 'பிரிஸ்டெல்மெஸ்டூனே' என்று பதிந்திருக்கிறார்கள். மற்றவற்றை நம் ஊர்ப்பெயர்களாகவே மாற்றிவிடலாம்: நியூட்டன் புத்தூர், சட்டன் தென்னூர், நார்ட்டன் வடவூர், கிங்ஸ்டன் அரசூர். ஐசக் நியூட்டனைப் புத்தூரார் என்று அழைத்தால் தவறில்லை. அமெரிக்கத் தலைநகரின் பெயரும் வடகிழக்கு இங்கிலாந்திலுள்ள வாஷிங்டன் என்ற ஊரிலிருந்து குடும்பப்பெயராகிப் போனதுதான்.

1380களில் விக்கிளிஃப் குழுவினர் செய்த பைபிள் மொழிபெயர்ப்பைப் பாருங்கள். கல்யாண விருந்துக்கு அழைத்தபோது மதிக்காமல் ஒருவன் தன் வயலுக்கும் இன்னொருவன் வியாபாரத்துக்கும் போன உவமையில், முதலாமவன் 'தன் டவுனுக்குப் போனான்' என்றே எழுதியிருக்கிறார்கள். 1611இல் வந்த மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் பண்ணை என்ற சொல் வந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் டவுன் வளர்ந்து வேறொன்றாகிவிட்டது. ஸ்காட்லாந்தில் மட்டும் பண்ணை வீட்டையும் அதன் கட்டடங்களையும் சேர்த்து 'டூன்' என்று சொல்லும் வழக்கு வெகுகாலம் நின்றது. அவர்கள் உச்சரிப்பில் ஊகாரமும் உடையவில்லை.

பேர்கன் யாழ்:
நான் நோர்வேயில் பேர்கனுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். இங்கே 'டூன்' என்றால் வேலியும் இல்லை, தோட்டமும் இல்லை, ஊரும் இல்லை. பண்ணை வீடுகளுக்கு நடுவே இருக்கிற முற்றம். குடியிருக்கும் வீடு ஒரு பக்கம், மாட்டுக்கொட்டில் ஒரு பக்கம், களஞ்சியம் ஒரு பக்கம். இவற்றுக்கு நடுவே கிடக்கிற இடத்துக்குத்தான் அந்தப் பெயர். அதில் ஒரு பெரிய மரம் நின்றால் அதற்கு 'டூன்ட்ரே', முற்றத்து மரம்.

ஓஸ்டரேய் தீவில் ஹாவ்ரோ என்ற பழைய குடியிருப்பைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளோடு போனேன். பல குடும்பங்களின் மரவீடுகளும் கொட்டில்களும் ஒன்றையொன்று ஒட்டி நெருங்கி நிற்கின்றன. நடுவே நடந்தால் இருபக்கமும் கை எட்டிவிடும் போலத் தெரியும். இப்படிக் கூட்டமாக அமைந்ததை 'கிளிங்கெடூன்' என்கிறார்கள். எனக்கு உடனே வந்த சொல் எங்கள் 'வளவு'. ஊரில் எங்கள் வளவைச் சுற்றிக் கதியால் நட்டு, கிடுகு கட்டி, ஒவ்வொரு வருடமும் வேலி அடைப்போம். ஆனால் வளவு என்று சொன்னால் வேலியை யாரும் நினைப்பதில்லை. வீடு, கிணறு, மாமரம் எல்லாம் சேர்ந்த காணிதான் மனதில் வரும்.

புதிய வழக்கு ஒன்றும் சொல்கிறேன். குடியிருப்புத் தெருக்களில் பிள்ளைகள் விளையாடுகிற இடத்துக்கு வாகனம் நடை வேகத்தில்தான் வர வேண்டும் என்று பலகை வைப்பார்கள். அதற்குப் பெயர் 'காடெடூன்', தெருமுற்றம். போக்குவரத்துச் சட்டத்துக்குள்ளேயே இந்தப் பழைய சொல் வந்து குந்தியிருக்கிறது.

முனிச் மழை:
ஜெர்மனியிலிருந்து நான். டச்சுவாசி கேட்ட கடைசிக் கேள்விக்கு என் பதில்: மூலப் பொருளை அப்படியே வைத்திருப்பது ஜெர்மன்தான். மற்றவர்கள் வேலியைத் தாண்டி உள்ளே போய்விட்டார்கள். இங்கே அந்தச் சொல் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக வேலியாகவே நிற்கிறது.

அந்த வேலியை இன்றைய கம்பிவேலியாக நினைக்காதீர்கள். வரிசையாக முளைக்கம்பு நட்டு, இடையிடையே வில்லோ மரத்தின் வளையும் குச்சிகளைக் கூடை முடைவது போல உள்ளும் வெளியுமாகப் பின்னி ஏற்றுவார்கள். இங்கே கிராம அருங்காட்சியகம் ஒன்றில் ஒரு பெரியவர் பின்னிக் காட்டினார். பச்சைக் குச்சியாக இருந்தால்தான் வளையும், காய்ந்தால் ஒடிந்துவிடும். பின்னி முடித்த பிறகு அவர் அதில் சாய்ந்து நின்றார், அசையவில்லை.

மரபுத்தொடர்களிலும் அந்த வேலி அப்படியே இருக்கிறது. காரணமில்லாமல் வம்புக்கு இழுத்தால் 'சண்டையை வேலியிலிருந்து ஒடித்தான்' என்பார்கள். போகிற போக்கில் வேலியில் ஒரு குச்சியை உருவுவது போல அவ்வளவு எளிதாகச் சண்டையை உண்டாக்கினான் என்று பொருள். யாருக்கும் புரிகிற மாதிரி வெளிப்படையாக ஜாடை காட்டினால் 'வேலிக் கம்பத்தை ஆட்டி ஜாடை காட்டினான்'. டிக்கெட் வாங்காமல் வெளியே நின்று எட்டிப் பார்ப்பவன் 'வேலி விருந்தாளி'. வேலிப் புதருக்குள் புகுந்து புகுந்து வெளிவரும் ரென் குருவிக்கு 'ட்ஸவுன்கேனிக்', வேலியரசன் என்று பெயர். எனக்கு இதுதான் இந்த மொழியிலேயே பிடித்த பறவைப் பெயர்.

ஒலிநூல்:
ஜெர்மன் மூலப் பொருளைக் காத்தது என்பதில் எனக்குப் பாதி உடன்பாடு. ஆதரவாக ஒரு சான்று நானே தருகிறேன். பழைய ஆங்கிலத்தில் இதே வேரிலிருந்து வந்த வினைச்சொல் 'ட்யூனன்'. அதற்கு அடைத்தல், மூடுதல் என்று பொருள். வேலி அடைக்கிறோம், கதவை அடைக்கிறோம் என்று நாம் ஒரே வினையைச் சொல்வது போலத்தான். ஸ்லாவிய மொழிகள் இந்தச் சொல்லை ஜெர்மானியரிடம் கடன் வாங்கியபோதும் அடைப்பு என்ற பொருளில்தான் வாங்கின. ரஷ்ய மொழியில் 'டின்' என்றால் கூர்க்கம்பு வேலி. செக் நாட்டுப் பிராகா நகரத்தில் இரட்டைக் கோபுரத்தோடு நிற்கும் டீன் தேவாலயத்தின் பெயரில் இருப்பதும் இதுவே. அதன் பின்னால் வெளிநாட்டு வணிகர்கள் தங்கிய அடைத்த முற்றம் ஒன்று இருந்தது. சொல் முதலில் 'ட'வோடு இருப்பதால், தெற்கு ஜெர்மன் மாற்றத்துக்கு உட்படாத வடிவம் அங்கே போயிருக்கிறது என்று தெரிகிறது.

மீதிப் பாதிக்கு வருகிறேன். கெல்டிக் மொழிகளில் 'டூனோன்' என்றால் கோட்டை. அயர்லாந்தில் இன்றும் 'டூன்' கோட்டைதான். பிரான்சின் வெர்டன், லியோன் ஆகிய ஊர்களின் பழைய பெயர்களின் முடிவில் இது இருக்கிறது: விரோடூனம், லுக்டூனம். ஜெர்மானியர் இதை அண்டை வீட்டுக் கெல்ட்டுகளிடம் கடன் வாங்கினார்கள் என்று பலர் கருதுகிறார்கள், நானும் அப்படியே நினைக்கிறேன். கோட்டை என்றால் சுவர் மட்டும் அல்ல, சுவரும் உள்ளிடமும் சேர்ந்தது. அப்படியானால் 'அடைப்பும் அடைத்த இடமும்' என்ற இரட்டைப் பொருள் தொடக்கத்திலேயே இருந்திருக்கலாம். ஜெர்மன் அதில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டது என்றும் சொல்ல இடமிருக்கிறது.

முனிச் மழை:
கடன் என்பதற்கு ஆதாரம் என்ன ஐயா? இரண்டு குடும்பமும் இந்தோ ஐரோப்பியம்தானே. பொது மூதாதையிடமிருந்து ஆளுக்கொன்றாக வந்திருக்கக் கூடாதா?

ஒலிநூல்:
கேட்க வேண்டிய கேள்வி. விடை முதலெழுத்தில் இருக்கிறது. ஆனால் நம் எழுத்தில் ஒரு டகரம்தான் உண்டு, அதனால் ஒரு ஏற்பாடு. 'பட்டம்' என்பதில் வரும் ஒலியை வல்ல டகரம் என்றும், 'பாடம்' என்பதில் வரும் ஒலியை மெல்லிய டகரம் என்றும் வைத்துக்கொள்வோம்.

1822இல் ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் விளக்கிய விதிப்படி, பழைய மெல்லிய டகரம் ஜெர்மானியத்தில் வல்ல டகரம் ஆகும். லத்தீன் டெகெம் மெல்லியது, ஆங்கிலம் டென் வல்லது. லத்தீன் டுவோ மெல்லியது, ஆங்கிலம் டூ வல்லது. மூச்சோடு சேர்ந்த பழைய டகரமோ ஜெர்மானியத்தில் மெல்லியதாகத்தான் வரும். இந்தக் கெல்டிக் சொல்லின் மூல வேரில் இருந்தது மூச்சோடு சேர்ந்த டகரம் என்பது வழக்கமான கணிப்பு. பொது மூதாதையிலிருந்து நேராக வந்திருந்தால் ஜெர்மானியத்தில் மெல்லிய டகரம் இருக்க வேண்டும். இருப்பதோ வல்ல டகரம். கெல்டிக்கில் அந்த இரண்டு பழைய ஒலிகளும் கலந்து மெல்லிய டகரமாகிவிட்டன. அதை அப்படியே வாங்கி, பிறகு கிரிம் விதிக்கு உட்படுத்தினால் வல்ல டகரம் கிடைக்கும். ஆகவே கடன் என்றால் கணக்கு சரியாக வருகிறது. வேரை வேறுவிதமாகக் கணிப்பவர்களும் உண்டு, அவர்கள் கணிப்பில் கடன் தேவைப்படாது. நான் அவர்கள் பக்கம் இல்லை.

நெல்லைச்சீமை:
ஐயா, அப்படியானால் இன்னொன்று கேட்க வேண்டும். 'பாடம்' டகரத்தோடு வரும் டவுன், அதாவது கீழே என்ற பொருளில் வருவது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? தமிழில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். அப்புறம் லண்டன், விம்பிள்டன் எல்லாம் இந்த '-டன்' தானே?

ஒலிநூல்:
லண்டன் இந்தக் கணக்கில் வராது, அது ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே இருந்த பெயர். விம்பிள்டன் வேறு. அதில் இருப்பது மெல்லிய டகரம் கொண்ட 'டூன்', அதாவது குன்று. ஸ்விண்டன் பன்றிக்குன்று. இந்தக் குன்று என்ற சொல்லிலிருந்துதான் 'கீழே'யும் வந்தது. 'குன்றிலிருந்து' என்ற தொடர் தேய்ந்து தேய்ந்து கடைசியில் 'கீழே' என்றாகிவிட்டது. டச்சில் மணல்மேட்டுக்கு இதே மெல்லிய டொய்ன். டச்சுவாசி, உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பது வல்ல டொய்ன், ஹார்லெமுக்கு மேற்கே கடலோரத்தில் இருப்பது மெல்லிய டொய்ன். இந்தக் குன்றும் கெல்டிக் கோட்டையும் ஒரே வேர் என்று பலர் நினைக்கிறார்கள், கோட்டை குன்றின் மேல் நிற்பதால். அது சரியென்றால் தமிழில் ஒரே மாதிரி எழுதும் அந்த இரண்டு டவுனும் தூரத்துச் சகோதரங்கள்.

நெல்லைச்சீமை:
மெய்யாகவே சிலிர்த்துப் போனேன். நான் பிறந்தது திருநெல்வேலி டவுன். நெல்லுக்கு இறைவன் வேலியிட்டுக் காத்தான் என்பது எங்கள் தலபுராணம். பெயரில் ஏற்கெனவே ஒரு வேலி. ஜங்ஷனிலிருந்து பிரித்துச் சொல்வதற்காகப் பின்னால் டவுன் என்று சேர்த்தார்கள். அதுவும் வேலியாகப் போய்விட்டது. தஞ்சைப் பக்கம் வேலி நில அளவாகவும் இருக்கிறதே, 20 மா ஒரு வேலி.

கொங்குக்காரி:
நான் ஒன்றில் மாறுபடுகிறேன். இங்கே எல்லாரும் வேலி, பிறகு தோட்டம், பிறகு ஊர் என்று படிக்கட்டு போலப் பேசுகிறோம். ஐயா சொன்னதைப் பார்த்தால் ஆங்கிலத்தில் தோட்டம் என்ற படியே இல்லையே. அடைத்த மனை, பண்ணை, சிற்றூர், நகரம் என்று போயிருக்கிறது. டச்சில் ஊர் என்ற பக்கமே போகவில்லை. ஒரே இடத்திலிருந்து ஆளுக்கொரு திசையில் கிளைத்திருக்கிறார்கள். படிக்கட்டு என்று நினைத்தால், ஜெர்மன் ஏதோ முதல் படியிலேயே நின்றுவிட்டது போலத் தோன்றும். அது சரியில்லை.

பேர்கன் அண்ணன் சொன்ன வளவு எங்கள் சேலத்துப் பக்கமும் உண்டு. ஆனால் எங்களுக்கு வளவு என்றால் சொந்தக்காரர்கள் சேர்ந்து குடியிருக்கும் நாலைந்து வீட்டுத் தொகுதி, சில இடங்களில் ஒரு குக்கிராமமே. காட்டுவளவு என்று ஊர்ப்பெயர் இருக்கிறது. செட்டிநாட்டில் வீட்டுக்கு உள்ளே, நடுவில் திறந்திருக்கும் முற்றத்தைச் சுற்றிய பகுதியை வளவு என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் மனை, சேலத்தில் குடியிருப்பு, செட்டிநாட்டில் முற்றம். இதில் எது முதல் படி, எது கடைசிப் படி என்று யாரும் கேட்பதில்லையே.

பேர்கன் யாழ்:
தங்கச்சி சொன்னது எனக்குச் சரியாகப் படுகிறது. ஐஸ்லாந்தைச் சேர்த்தால் இன்னும் தெளிவாகும். என்னோடு வேலை செய்கிறவர் அந்த நாட்டுக்காரர். அங்கே டூன் என்றால் வீட்டைச் சுற்றி எரு போட்டு வளர்த்த புல்வெளி. குளிர்காலத்துக்கு மாடும் ஆடும் தின்ன அந்தப் புல்லைத்தான் வெட்டி உலர்த்துவார்கள். அதில் கிடைக்கும் உலர்புல்லுக்குத் தனிப் பெயர் வேறு, 'தாத'. தானியம் சரியாக விளையாத நாடு. அடைத்த நிலத்துக்குள் அவர்கள் உயிரைப்போலக் காத்தது புல்லை. அதனால் சொல்லும் புல்லோடு ஒட்டிவிட்டது. சுற்றியிருக்கும் மதிலுக்கு அவர்கள் சொல்வது 'கார்துர்'. அது தோட்டத்தைக் குறிக்கும் ஆங்கிலக் கார்டன், ஜெர்மன் கார்ட்டன் ஆகிய சொற்களின் உறவு! தோட்டத்தின் சொல் அங்கே மதிலாகி, வேலியின் சொல் டச்சில் தோட்டமாகியிருக்கிறது.

சுவீடனில் சிக்டூனா, எஸ்கில்ஸ்டூனா போன்ற ஊர்ப்பெயர்களில் இது நிற்கிறது.

முனிச் மழை:
கொங்குக்காரி அக்காவின் வாதத்தை ஏற்கிறேன். 'உள்ளே போய்விட்டார்கள்' என்று நான் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். எதை அடைத்தார்களோ அதன் பக்கம் சொல் சாய்ந்திருக்கிறது.

டச்சுவாசி:
இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. டச்சுப் பக்கத்தை நானும் கொஞ்சம் தேடினேன். இடைக்காலத்தில் இங்கேயும் இந்தச் சொல்லுக்குப் பின்னிய வேலி என்றே பொருள். தோட்டத்துக்கு 'ஹொஃப்' என்றார்கள். பெல்ஜியத்துப் பேச்சுவழக்கில் இன்றும் அப்படிச் சொல்பவர்கள் உண்டு. 17ஆம் நூற்றாண்டு ஹாலந்துச் செப்புக்காசுகளில் ஒரு பெண் வட்டமான பின்னல் வேலிக்குள் உட்கார்ந்திருப்பாள். அதற்கு 'ஹாலந்து டொய்ன்' என்று பெயர். நாட்டையே ஓர் அடைப்பாக வரைந்திருக்கிறார்கள். ஏமாற்றுவதற்கு ஒரு தொடர் இருக்கிறது: 'டொய்னைச் சுற்றி அழைத்துப் போனான்'. தோட்டத்தைச் சுற்றிக் காட்டினால் அதில் என்ன ஏமாற்று என்று யோசித்திருக்கிறேன். வேலி என்று வைத்தால் புரிகிறது. உள்ளே விடாமல் வேலியோரமாகவே சுற்றிச் சுற்றி நடத்தியிருக்கிறான்.

தென்னாப்பிரிக்காவில் டச்சு கம்பெனி 1652இல் காய்கறி போட்ட இடம் இன்றும் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் 'கொம்பனீஸ்டொய்ன்'. அது இருப்பது கேப் டவுன் நகரத்துக்குள். ஒரே சொல்லின் ஒரு வடிவத்துக்குள் இன்னொரு வடிவம்.

டச்சுவாசி:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். தெசல் தீவுக்குப் போயிருந்தேன், இந்த இழைக்காகவே என்று சொல்லலாம். டென் ஹெல்டரிலிருந்து படகில் 20 நிமிடம். தீவின் நடுவில் ஹோஹெ பெர்க் என்ற மேட்டுநிலம், உயரம் 15 மீட்டர்தான். நெதர்லாந்தின் தாழ்நிலங்களில் வயலுக்கு வயல் வாய்க்கால் வெட்டி எல்லை பிரித்திருப்பார்கள். இந்த மேட்டில் தண்ணீர் நிற்காது. அதனால் புல்லோடு சேர்த்து மண்கட்டிகளை வெட்டி, செங்கல் போல அடுக்கி இடுப்பளவுக்குச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். பக்கவாட்டில் கை வைத்துப் பார்த்தேன். வெயில் பட்ட பக்கம் சூடாக, காய்ந்த வேர்கள் பின்னிக் கிடந்தன. மறுபக்கம் குளிர்ந்து, பாசி பிடித்திருந்தது. அந்தப் பக்கத்தில் செம்மறிகள் காற்றுக்கு ஒதுங்கிச் சுவரை ஒட்டிப் படுத்திருந்தன.

ஆடுகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்த பெரியவரிடம் இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். 'டூன்வால்' என்றார், ஊகாரம் உடையாமல். வீட்டுக்குப் பின்னால் செடி வைத்திருக்கும் இடத்தை எப்படிச் சொல்வீர்கள் என்றும் கேட்டேன். இதைக்கூடவா கேட்பாய் என்பது போலப் பார்த்துவிட்டு, 'டொய்ன்' என்றார்.